பத்துக்குப் பத்து ஊரும் பத்தாத கணக்கும்

நியூ ஜெர்சியில் குடியேறும் தமிழ்க் குடும்பங்கள் வீடு மாறுவதற்கு ஒரு நிலையான பாதை உண்டு. முதலில் ஜெர்சி சிட்டியில் வாடகை அபார்ட்மென்ட். பாத் ரயில் ஏறினால் இருபது நிமிடத்தில் மன்ஹாட்டன். மூத்த பிள்ளை கிண்டர்கார்டன் போகும் வயதில் எடிசன் பக்கம் ஒரு டவுன்ஹவுஸ். மிடில் ஸ்கூல் நெருங்கும்போது, ஊரில் விற்ற மனையின் பணம் உட்பட கையில் இருப்பதையெல்லாம் வழித்துப் போட்டு, முப்பது வருட மார்ட்கேஜும் வாங்கி, வெஸ்ட் விண்ட்சரிலோ லிவிங்ஸ்டனிலோ, துணிந்தவர்கள் என்றால் மில்பர்னிலோ ஒரு தனி வீடு. ஏன் அந்த ஊர் என்று கேட்டால் "ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்" என்று பதில் வரும். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. கேட்டால் பிள்ளைகள் மேல் அக்கறை இல்லாதவர் என்று பெயர் வரும். அந்தப் பதில் பெரும்பாலான குடும்பங்களுக்குத் தவறான பதில் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

எதிர்க்கட்சியின் வாதத்தை அதன் முழு பலத்தோடு முதலில் வைத்துவிடுவோம். அமெரிக்காவில் அரசுப் பள்ளிக்கு வீட்டு முகவரிதான் நுழைவுச் சீட்டு. வசதியான ஊர்களில் பள்ளிச் செலவின் பெரும்பகுதி அந்த ஊரின் சொத்து வரியிலிருந்தே வருகிறது. வரி அதிகம் சேரும் ஊரில் அனுபவமுள்ள ஆசிரியர்கள் நிலைக்கிறார்கள், ஏபி எனும் கல்லூரித் தரப் பாடங்கள் வரிசையாக இருக்கின்றன, ஆர்க்கெஸ்ட்ரா முதல் ரோபாட்டிக்ஸ் வரை எல்லாம் நடக்கிறது. கூடப் படிப்பவர்களும் படிப்பில் அக்கறையுள்ள வீட்டுப் பிள்ளைகள். தனியார் பள்ளிக்குக் கட்டும் பணம் போனால் போனதுதான். அதே பணத்தை இப்படிப்பட்ட ஊரில் வீடாகப் போட்டால் பிள்ளைகள் படித்து முடித்தபின் விற்று எடுத்துக்கொள்ளலாம். ரயில் பயணம் நீளம்தான், ஆனால் பெற்றவர்கள் பிள்ளைக்காக அதைக்கூடச் செய்யக்கூடாதா? இதில் எந்த வரியும் அபத்தமானதல்ல. அந்த ஊர்ப் பள்ளிகள் நல்ல பள்ளிகள்தான் என்பதையும் மறுக்கவில்லை. யாருடைய பிள்ளைக்கு அந்தப் பள்ளிகளால் ஆதாயம் மிகக் குறைவோ, அவர்களே அவற்றுக்கு ஆக அதிக விலை கொடுக்கிறார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு.

1. அந்த எண் எதை அளக்கிறது?

வீட்டு விளம்பரத்தைத் திறந்தால் படுக்கையறை எத்தனை, குளியலறை எத்தனை என்பதற்குக் கீழே ஒவ்வொரு பள்ளியின் பெயருக்குப் பக்கத்திலும் ஓர் எண் நிற்கும்: பத்துக்கு ஒன்பது, பத்துக்குப் பத்து. கிரேட்ஸ்கூல்ஸ் என்ற அமைப்பு கொடுக்கும் மதிப்பெண் அது. நெடுங்காலம் அந்த எண்ணின் முதுகெலும்பாக இருந்தது மாணவர்கள் மாநிலத் தேர்வில் வாங்கும் மதிப்பெண். ஆனால் தேர்வு மதிப்பெண்ணில் பெரும்பங்கு வீட்டிலிருந்து வருகிறது என்பது 1966-இலேயே தெரிந்த செய்தி. சுமார் 6 லட்சம் மாணவர்களைக் கொண்டு ஜேம்ஸ் கோல்மன் தயாரித்த அரசு அறிக்கை, பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியே மாணவரின் தேர்ச்சியை அதிகம் விளக்குகிறது என்று அப்போதே காட்டிவிட்டது. இன்னும் கூர்மையான சான்று ஸ்டான்ஃபோர்டின் ஷான் ரியர்டனுடையது. நாடு முழுவதும் உள்ள பள்ளி மாவட்டங்களின் தேர்வுத் தரவைத் திரட்டி, மாணவர்கள் மூன்றாம் வகுப்பில் எங்கே நிற்கிறார்கள் என்பதையும், எட்டாம் வகுப்பு வரை எவ்வளவு வளர்கிறார்கள் என்பதையும் அவர் தனித்தனியே பிரித்தார். முதலாவது ஊரின் வசதியோடு ஒட்டிக்கொண்டே போகிறது. இரண்டாவதற்கும் வசதிக்கும் தொடர்பு மிகப் பலவீனம். ஏழை மாணவர்கள் நிறைந்த சிகாகோ மாவட்டத்தில், 2009 முதல் 2014 வரையிலான தரவின்படி, மாணவர்கள் ஐந்து வருடத்தில் ஆறு வருட அளவுக்கு முன்னேறியிருந்தார்கள். சிகாகோவின் தேர்வு சராசரியைப் பார்த்து யாரும் அங்கே வீடு வாங்க ஓடவில்லை.

சராசரி மதிப்பெண், பள்ளிக்குள் நுழையும் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்பதைச் சொல்கிறது. பள்ளி அந்தப் பிள்ளைக்கு என்ன செய்தது என்பதை வளர்ச்சி சொல்கிறது. கிரேட்ஸ்கூல்ஸ் அமைப்பே 2017-க்குப் பிறகு வளர்ச்சியையும் கணக்கில் சேர்க்கத் தொடங்கியது. விளம்பரத்தைப் பார்ப்பவர்களின் பழக்கம் மட்டும் மாறவில்லை. அதற்கு ஒரு காரணமும் உண்டு. 1968-இன் நியாயமான வீட்டுவசதிச் சட்டப்படி, எந்த இனத்தவர் எந்தப் பகுதியில் இருக்கிறார்கள் என்று சொல்லி வாடிக்கையாளரை ஓர் ஊரின் பக்கம் தள்ளவோ இன்னோர் ஊரிலிருந்து விலக்கவோ ரியல்டருக்கு அனுமதியில்லை. வாய்விட்டுச் சொல்லக்கூடாத எல்லாவற்றையும் அந்தச் சின்ன எண் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. அதற்குக் கொடுக்கும் விலையும் கற்பனையல்ல. பாஸ்டன் புறநகரில் ஒரே தெருவின் இரு பக்கமும் வேறு வேறு பள்ளிக்குப் போகும் வீடுகளை ஒப்பிட்டு சாண்ட்ரா பிளாக் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடினால் வீட்டு விலை 2.5 சதவீதம் கூடியது. கற்பித்தலுக்கு என்று நினைத்துக் கொடுக்கும் அந்தக் கூடுதல் விலையில் கணிசமான பங்கு, பக்கத்து வீட்டுக்காரரின் பட்டத்துக்குப் போகிறது.

2. பக்கத்து வீட்டுக்காரரின் பட்டம்தானே வேண்டும்?

இங்கேதான் எதிர்க்கட்சி சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்ளும். "ஆமாம், சேர்க்கைக்காகத்தான் போகிறோம். நல்ல பிள்ளைகளோடு உட்கார்ந்தால் நம் பிள்ளையும் படிக்கும்." கேட்க நன்றாக இருக்கிறது. சோதித்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். நியூ யார்க்கின் ஸ்டைவசன்ட், பிராங்க்ஸ் சயன்ஸ், பாஸ்டனின் லத்தீன் ஸ்கூல் போன்றவை நுழைவுத் தேர்வு எழுதிச் சேரும் அரசுப் பள்ளிகள். ஒரு மதிப்பெண்ணில் உள்ளே போனவருக்கும் ஒரு மதிப்பெண்ணில் வெளியே நின்றவருக்கும் திறமையில் வித்தியாசமில்லை. ஆனால் முதலாமவரின் வகுப்புத் தோழர்கள் நாட்டிலேயே சிறந்த மாணவர்கள். அப்துல்காதிரோக்லு, ஆங்ரிஸ்ட், பாதக் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் இந்த இரு கூட்டத்தையும் தொடர்ந்து பார்த்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். கல்லூரி நுழைவுக்கான சாட் தேர்வு முதல் ஏபி வரை மதிப்பெண்களில் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு ஏதும் இல்லை. சிறந்த தோழர்கள் என்ற மருந்தை இதைவிட அதிக அளவில் யாரும் கொடுத்துவிட முடியாது. அதுவே வேலை செய்யவில்லை என்றால், பக்கத்து ஊரைவிடச் சற்றே உயர்ந்த சராசரி என்ன செய்துவிடும்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த "நல்ல சேர்க்கை" தானாகச் சேர்ந்ததல்ல. இவ்வளவு ஏக்கருக்கு ஒரு வீடுதான் கட்டலாம், அடுக்குமாடிக்கு இடமில்லை என்று ஊர்கள் போட்ட விதிகள் எளியவர்களை வெளியே நிறுத்தின. 1975-இல் மவுண்ட் லாரல் வழக்கில் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்துத் தீர்ப்பு சொன்ன பிறகும் இழுபறி ஓயவில்லை. விலையின் ஒரு பகுதி வேலிக்கான விலை. நம்மவர்கள் அந்த வேலிக்குள் நுழைந்த மறுநாளே, ஊரில் குறைந்த வருமானத்தோர் குடியிருப்பு வரப்போகிறது என்று டவுன்ஷிப் கூட்டத்தில் மைக் பிடிக்கிறார்கள். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

3. ராஜ் செட்டி அப்படிச் சொல்லவில்லை

"எந்தத் தெருவில் வளர்கிறோம் என்பது வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது என்று நம் ராஜ் செட்டியே நிரூபித்துவிட்டாரே" என்று அடிக்கடி காதில் விழுகிறது. பொருளாதார அறிஞரான செட்டியின் குழு ஆராய்ந்தது, 1990-களில் பாஸ்டன், நியூ யார்க் உள்ளிட்ட ஐந்து நகரங்களில் கடும் வறுமைப் பகுதியின் அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்த சுமார் 4,600 குடும்பங்களை. அவர்களில் வறுமை குறைந்த பகுதிக்குப் போன குடும்பங்களில், 13 வயதுக்குள் இடம் மாறிய பிள்ளைகள் பிற்காலத்தில் ஏறத்தாழ 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். இரண்டு என்ஜினியர்கள் இருக்கும் வீடு எடிசனிலிருந்து வெஸ்ட் விண்ட்சருக்குப் போவதற்கும் இதற்கும் என்ன உறவு? அதே ஆய்வின் மற்றப் பாதியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. 13 வயதைத் தாண்டியபின் இடம் மாறிய பிள்ளைகளுக்கு ஆதாயமே இல்லை. கணக்கு சற்று எதிர்த்திசையிலேயே சாய்ந்தது. ஹைஸ்கூலுக்கு முந்தைய கோடையில் அவசர அவசரமாக வீடு மாற்றும் குடும்பங்கள் படிக்க வேண்டிய பாதி அதுதான்.

4. கல்லூரிக்குப் போகும் வழியில் நெரிசல்

எல்லாவற்றுக்கும் கடைசி இலக்கு கல்லூரி. அந்த இலக்கை வைத்தே பார்த்தாலும் கணக்கு எதிர்மறையாகத்தான் வருகிறது. பெரிய பல்கலைக்கழகங்களின் அனுமதி அலுவலகங்கள் விண்ணப்பங்களை வட்டாரவாரியாக, பள்ளிவாரியாகப் படிக்கின்றன. ஒவ்வொரு பள்ளியும் தன் விவரக் குறிப்பை அனுப்பிவைக்கிறது: எத்தனை ஏபி பாடங்கள் உண்டு, மதிப்பெண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று. உங்கள் பிள்ளை ஒப்பிடப்படுவது நாட்டோடு அல்ல, முதலில் தன் பள்ளியோடு. பத்துக்குப் பத்து பள்ளியில் அந்த ஒப்பீடு எப்படி இருக்கும்? அதே கணினித் துறைப் பெற்றோர், அதே கணித ஒலிம்பியாட் பயிற்சி, அதே வயலின் அல்லது பரதம், விருப்பப் பாடமும் அதே கம்ப்யூட்டர் சயன்ஸ். எங்கே தன் பிள்ளை மிகக் குறைவாகத் தனித்துத் தெரியுமோ அந்த அறையைத் தேடி, கூடுதல் பணம் கட்டி உட்கார வைக்கிறார்கள்.

டெக்சஸில் இது சட்டமாகவே இருக்கிறது. பள்ளியில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தால் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தானாக இடம் என்று 1997-இல் சட்டம் வந்தது. ஆஸ்டின் வளாகத்துக்கு மட்டும் அந்த வரம்பு சுருங்கிக்கொண்டே வந்து, 2026 சேர்க்கைக்கு 5 சதவீதமாகிவிட்டது. ஃபிரிஸ்கோ, கோப்பெல் போன்ற டாலஸ் புறநகர்களில் உள்ள நம் பிள்ளை 90-க்கு மேல் வாங்கியும் அந்த வரம்புக்கு வெளியே நிற்கலாம். இதைப் புரிந்துகொண்ட சில குடும்பங்கள் போட்டி குறைந்த பள்ளியைத் தேடிச் சேர்த்ததை 2013-இல் வந்த ஓர் ஆய்வு பதிவுசெய்தது. தரவரிசையின் விளைவு அனுமதிக் கடிதத்தோடு நிற்பதுமில்லை. இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளி மாணவர்களை ஆராய்ந்த மர்ஃபியும் வைன்ஹார்ட்டும் 2020-இல் வெளியிட்டபடி, ஒரே திறமையுள்ள இருவரில் தன் வகுப்பில் மேல் வரிசையில் இருந்தவரே பின்னாளில் மேலும் நன்றாகப் படித்தார். தன்னம்பிக்கை அதில் ஒரு காரணம். நடுவரிசையில் கரைந்துபோகும் கெட்டிக்காரப் பிள்ளைக்கு எந்த ரேட்டிங்கும் ஈடு செய்வதில்லை.

நியூ ஜெர்சியில் இருப்பவர்கள் ரொம்ப எளிதாகக் கவனிக்கத் தவறும் ஒரு வசதியும் இருக்கிறது. ஹேக்கன்சாக்கில் உள்ள பெர்கன் கவுன்டி அகாடமீஸ், எடிசனில் உள்ள மிடில்செக்ஸ் கவுன்டி அகாடமி, லிங்க்ராஃப்டில் உள்ள ஹை டெக்னாலஜி ஹைஸ்கூல் ஆகியவை அரசுப் பள்ளிகள், மாநிலத்தின் உச்சப் பள்ளிகளில் அடங்குபவை. அவற்றுக்கு விண்ணப்பிக்க அந்தந்தக் கவுன்டியில் இருந்தால் போதும். கவுன்டியின் ஆக விலையுயர்ந்த ஊரில் இருக்க வேண்டியதில்லை. ஜெர்சி சிட்டியிலேயே மெக்நேர் அகாடமிக் ஹைஸ்கூல் இருக்கிறது. எல்லாருக்கும் இடம் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் நன்றாகப் படிக்கும் பிள்ளைக்காகத்தான் இடம் மாறுகிறோம் என்பவர்கள், அந்தப் பிள்ளை எதில் வெல்லக்கூடுமோ அதைப் பார்க்காமலேயே கிளம்பிவிடுகிறார்கள்.

கல்லூரியின் பெயரே எதிர்காலம் என்பவர்களுக்கும் ஒரு சொல். டேல், குரூகர் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் 2002-இல் காட்டியது இது: உயர்தரக் கல்லூரியில் இடம் கிடைத்தும் வேறு கல்லூரிக்குப் போனவர்கள், அங்கேயே போனவர்களுக்கு ஏறத்தாழ இணையாகவே சம்பாதித்தார்கள். விதிவிலக்காக ஆதாயம் பெற்றவர்கள் வசதி குறைந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள். பள்ளியிலும் அதே கதை, கல்லூரியிலும் அதே கதை. நிறுவனம் கொடுக்கும் தள்ளல், வீட்டில் தள்ளுவதற்கு ஆள் இல்லாத பிள்ளைக்குத்தான் பயன்படுகிறது.

5. பிள்ளைகளைக் கேட்டீர்களா?

வெஸ்ட் விண்ட்சர் - பிளெயின்ஸ்பரோ மாவட்டத்தின் கண்காணிப்பாளர் டேவிட் அடர்ஹோல்ட் 2015-இல் பெற்றோருக்கு 16 பக்கக் கடிதம் எழுதினார். முந்தைய கல்வியாண்டில் மிடில் ஸ்கூல், ஹைஸ்கூல் மாணவர்களில் 120 பேரை மனநல மதிப்பீட்டுக்கு அனுப்ப நேர்ந்ததையும், 40 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதையும் அதில் சொன்னார். இடைப்பருவத் தேர்வுகளும் இறுதித் தேர்வுகளும் நிறுத்தப்பட்டன, வீட்டுப்பாடம் இல்லாத இரவுகள் அறிவிக்கப்பட்டன. எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதைப் பத்திரிகைகள் எழுதின: பெரும்பாலும் ஆசியப் பெற்றோரிடமிருந்து, பாடத்தின் தரம் குறைகிறது என்று. பிள்ளைகளின் நோவைப் பார்த்துப் பள்ளி பின்வாங்குகிறது, அந்தப் பள்ளிக்காகவே வந்தவர்கள் பள்ளியை இழுத்துப் பிடிக்கிறார்கள்.

இது ஓர் ஊரின் கதை மட்டும் என்று தள்ள முடியாது. சுனியா லூதர் என்ற உளவியலாளர் 1999-லேயே, வசதியான புறநகர் மாணவர்களை நகர்ப்புற ஏழை மாணவர்களோடு ஒப்பிட்டு, போதைப் பொருள் பழக்கமும் பதற்றமும் வசதியானவர்களிடமே அதிகம் என்று கண்டார். அடுத்த இருபது ஆண்டுகள் அதையே தோண்டிக்கொண்டிருந்தார். பதின்பருவத்தினரின் நலத்தைக் குலைக்கும் சூழல்கள் என்று ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளையின் 2018 அறிக்கை பட்டியலிட்டபோது வறுமை, மன அதிர்ச்சி, பாகுபாடு ஆகியவற்றோடு அதீத சாதனை அழுத்தத்தையும் சேர்த்தது. கெட்ட சேர்க்கையிலிருந்து பிள்ளையைக் காப்பாற்ற ஊர் மாறுகிறோம் என்று சொல்பவர்களுக்கு இதில் ஏதாவது உறைக்க வேண்டும்.

6. ரயிலில் போகும் மணிநேரம் யாருடையது?

"ஒன்றரை மணி நேரம்தானே, ரயிலில் லேப்டாப் திறந்துவிட்டால் போச்சு" என்பது வீடு வாங்கும்போது சொல்லப்படும் வசனம். பிரின்ஸ்டன் ஜங்ஷனிலிருந்து நியூ யார்க் பென் ஸ்டேஷனுக்கு ரயிலில் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல். வீட்டிலிருந்து காரில் வந்து, நிறுத்த இடம் பிடித்து, பென்னில் இறங்கி அலுவலகம் போய்ச் சேர்வதையும் சேர்த்தால் ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் தாராளமாக ஆகும். வாரம் மூன்று நாள் மட்டும் அலுவலகம் என்று வைத்துக்கொண்டாலும், 48 வாரத்தில் 432 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாள் கணக்கில் 54 நாள். இது ரயில் நேரத்துக்கு ஓடும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு. அந்த நம்பிக்கை, 1910-இல் திறந்த இரண்டே சுரங்கக் குழாய்களின் மேல் நிற்கிறது. 2012-இல் சாண்டி புயலில் கடல்நீர் புகுந்து அரித்த அந்தக் குழாய்களுக்கு மாற்று இன்னும் கட்டுமானத்தில்தான் இருக்கிறது. 2025 மே மாதம் ரயில் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது நியூ ஜெர்சி டிரான்சிட் ரயில்களே நின்றுபோயின.

மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள் என்பார்கள். பெரிய வீட்டுக்குப் பழகிவிடுகிறார்கள், பயணத்துக்குப் பழகுவதில்லை. டேனியல் கானமன் குழு 2004-இல் டெக்சஸின் 909 வேலைக்குப் போகும் பெண்களிடம் முந்தைய நாளை மணிவாரியாக எழுதச் சொன்னபோது, காலைப் பயணம் ஆகப் பிடிக்காத நேரங்களின் வரிசையில் நின்றது. ஜெர்மானியத் தரவை வைத்து ஃப்ரையும் ஸ்டுட்சரும் காட்டியதும் அதுவே: நீண்ட பயணம் செய்வோர், அதற்கு ஈடாகக் கிடைத்த வீட்டையும் சம்பளத்தையும் சேர்த்த பிறகும், வாழ்க்கையில் நிறைவு குறைந்தவர்களாகவே இருந்தார்கள்.

இந்த 432 மணி நேரத்தை அப்பா கொடுப்பதாகத்தான் எல்லாரும் சொல்வார்கள். அம்மா கொடுப்பது கணக்கிலேயே வருவதில்லை. மூன்று மணிக்குப் பள்ளி விடும். ஐந்து மணிக்கு நீச்சல், ஆறு மணிக்குக் கணக்கு வகுப்பு. பஸ் வசதி இல்லாத ஊரில் ஒவ்வொன்றுக்கும் கார் ஓட்ட ஓர் ஆள் வேண்டும், மாலை ஏழரைக்கு முன் திரும்ப முடியாதவரால் அது முடியாது. அமெரிக்காவின் 50 பெரிய நகர்ப்பகுதிகளை ஒப்பிட்ட பிளாக், கோலெஸ்னிகோவா, டெய்லர் ஆகியோர் 2014-இல் எழுதியபடி, பயண நேரம் நீளும் நகரங்களில் திருமணமான பெண்கள் வேலைக்குப் போவது குறைகிறது. கணவரின் வேலை விசாவை ஒட்டிய எச்-4 விசாவில் வந்து வருடக்கணக்காகக் காத்திருந்து, 2015-க்குப் பிறகு வேலை செய்யும் அனுமதி பெற்ற பெண்கள் நம்மிடையே ஆயிரக்கணக்கில். அந்த அனுமதி அட்டையைப் பிளாஸ்டிக் உறையிலேயே வைத்துவிட்டு மினிவேன் ஓட்டுவதற்கு ஊர் மாற்றமும் ஒரு காரணம். பிள்ளையின் படிப்பில் பெரும்பங்கு வீட்டிலிருந்து வருகிறது என்றால், அந்த வீட்டின் நேரத்தையும் வருமானத்தையும் விற்று ரேட்டிங் வாங்குவது எந்த ஊர்க் கணக்கு?

7. விற்றால் திரும்பி வரும் பணமும், வராத பணமும்

எதிர்க்கட்சி கடைசியாக ஒதுங்கும் கோட்டை, வீடு முதலீடு என்பது. ஒரு நல்ல ஊருக்கும் பத்துக்குப் பத்து ஊருக்கும் விலையில் 3 லட்சம் டாலர் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். ஆறரை சதவீத வட்டியில் முப்பது வருடத்துக்கு அந்த 3 லட்சத்துக்கு மட்டும் மாதம் ஏறத்தாழ 1,900 டாலர். முதல் வருடத்தில் அதில் நூற்றுக்கு 85 பங்கு வட்டி. அது வீட்டில் சேரவில்லை, வங்கிக்குப் போய்விட்டது. சொத்து வரியை 2 சதவீதமாக எடுத்தால் இன்னும் வருடத்துக்கு 6,000. நியூ ஜெர்சி நாட்டிலேயே சொத்து வரி மிக அதிகமான மாநிலம். சராசரி வீட்டு வரி 2024-இல் 10,000 டாலரைத் தாண்டிவிட்டது. பிள்ளை காலேஜ் போனபின் அந்த வரியை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. விற்கும்போது ஏஜென்ட் கமிஷன், அதற்கு மேல் பதிவுக் கட்டணம். விலை 10 லட்சத்தைத் தாண்டினால் கட்ட வேண்டிய கூடுதல் கட்டணம் முன்பு வாங்குபவர் தலையில் இருந்தது, 2025 ஜூலையிலிருந்து விற்பவர் தலைக்கு மாறிவிட்டது. விலை ஏறும் என்பது உண்மையாகவே இருக்கலாம். பக்கத்து ஊர் வீடும் ஏறும். கூடுதலாக ஏற வேண்டுமானால், இன்று நீங்கள் கொடுக்கும் மோகவிலையை நாளை இன்னொருவர் அதைவிட அதிகமாகக் கொடுக்க வேண்டும்.

இவையெல்லாம் கிரீன் கார்டு உள்ளவருக்கான கணக்கு. எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேறு கணக்கு. வேலை போனால் அடுத்த வேலை தேட 60 நாள். கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் இந்தியர்களின் ஈபி-2 வரிசை 2025-இன் நடுவில் 2013 ஜனவரித் தேதியில் நின்றது. பன்னிரண்டு வருடம் பின்னால். இந்த நிலையில் இருப்பவருக்குக் கையில் இருக்கும் பணமும், வேறு மாநிலத்துக்குச் சட்டென்று போகும் சுதந்திரமும்தான் பாதுகாப்பு. இரண்டையும் பிடுங்கி ஒரே வீட்டுக்குள் பூட்டிவைப்பதைத்தான் குடும்பத்தின் பாதுகாப்புக்காகச் செய்வதாகச் சொல்கிறார்கள்.

"அப்படியென்றால் மோசமான பள்ளியில் போடச் சொல்கிறீர்களா?" இல்லை. அடிதடி நடக்கும், ஆசிரியர் வருடத்துக்கு மூன்று பேர் மாறும் பள்ளியிலிருந்து வெளியேறுவது நியாயம்; செட்டியின் ஆய்வும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் வீடு தேடும் குடும்பத்தின் முன்னால் இருக்கும் தேர்வு பெரும்பாலும் இரண்டுக்கும் பத்துக்கும் நடுவில் இல்லை. ஆறு அல்லது ஏழுக்கும் பத்துக்கும் நடுவில் இருக்கிறது, அந்த இடைவெளியில்தான் 3 லட்சம் டாலர் கரைகிறது. "நம்மவர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள்" என்ற காரணத்தை மட்டும் அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். வார இறுதித் தமிழ்ப் பள்ளியும் நாலு வீட்டு நட்பும் சின்ன விஷயமல்ல. ஆனால் பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேஸ்வரர் கோயிலுக்கும் எடிசன் ஓக் ட்ரீ சாலைக் கடைகளுக்கும் போக ரேட்டிங் பத்து வேண்டியதில்லை.

ஊர் மாறுவதை முழுமையாக நியாயப்படுத்தும் ஒரு சந்தர்ப்பம் உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதே இந்த மோகத்தின் விசித்திரம். ஆட்டிசமோ கற்றல் குறைபாடோ உள்ள பிள்ளைக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் சேவை உண்மையிலேயே மாறுகிறது. அங்கே பள்ளி செய்வதை வீடு செய்துவிட முடியாது. அந்தக் குடும்பம் விளம்பரத்தில் உள்ள எண்ணைப் பார்த்தால் ஏமாந்துபோகும், ஏனென்றால் தேர்வு சராசரியில் தன் பிள்ளை எங்கும் தெரியாது. மாவட்டத்தின் சிறப்புக் கல்வி அலுவலகத்தில் கேட்க வேண்டியவை வேறு: ஸ்பீச் தெரபிஸ்ட் பள்ளியில் முழுநேரம் இருக்கிறாரா, பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டமான ஐஈபி-யில் எழுதிய மணிநேரம் நடைமுறையில் கிடைக்கிறதா, எத்தனை பிள்ளைகளைச் சாதாரண வகுப்பிலேயே உதவியாளரோடு உட்கார வைக்கிறார்கள், எத்தனை பேரை வெளியூர்ப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள், சேவை மறுக்கப்பட்டதாக எத்தனை பெற்றோர் வழக்குப் போட்டிருக்கிறார்கள்.